வேர் போகாத இடம்

1

இந்தக் கதை என் மனைவியின் கம்ப்யூட்டரிலிருந்து திருடியது. வாரம் ஒரு கொலை எழுதிப் பிழைக்கிறவன் நான். வீட்டுக்குள்ளேயே கதை கிடைத்தால் விடுவேனா? விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் தொடக்கம்: 'அந்த மூலையில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான்

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தாயிற்று. அவர் என் மாமனார். நான் வீட்டோடு மாப்பிள்ளை.)

2

மனைவி வீடியோ கேம் செய்கிறவள். புது கேமில் ஆடுகிறவர்தான் செடி. மண்ணுக்கடியில் வேரை நகர்த்தித் தண்ணீர் தேட வேண்டும். கிடைத்தால் மேலே இலை விடும். கிடைக்காவிட்டால் வாடிச் சாகும். வெள்ளோட்டத்துக்கு ஒரு நிலம் தேவைப்பட்டது. சோம்பல்பட்டு, எங்கள் கொல்லைப்புறத்தையே டேப் வைத்து அளந்து போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் இஷ்டத்துக்கு வைத்தாள். பெரும்பகுதி பின்சுவர் மூலையில்.

ஒன்பது பேர் ஆடினார்கள். ஒன்பது பேரின் வேரும் அந்த மூலைக்கே பாய்ந்தது. பத்தாவது ஆள் மாமனார். நிலம் அளக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். வரைபடத்தைப் பார்த்தாலே இடத்தைச் சொல்லிவிடுவார் என்பதை அவள் மறந்துபோனாள். பதினான்கு தடவை ஆடினார். பதினான்கு செடியும் தாகத்தில் செத்தன.

"அப்பா, தண்ணி அங்க நீலமா தெரியுதே."

"தெரியுதும்மா. இந்தப் பக்கம் கிடைக்காதான்னு பாக்கறேன்."

"பதினாலு தடவையா?"

"உன் செடிக்குப் பொறுமை பத்தல."

அவருடைய வேர்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். திரை முழுக்க வேர். மூலையில் மட்டும், ஒரு கட்டில் அளவுக்கு, வெற்றிடம்.

3

(குறிப்பு: மனைவிக்கு ஆறு வயதாகும்போது அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். 'போய்விட்டார்' என்பது மாமனார் சொன்னது. வேறு சாட்சி இல்லை.)

அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா என்னை விட்டுட்டுப் போனாங்களா, இல்ல, போகவே இல்லையா?"

4

முடிவுகள்.

அ) பழைய செப்டிக் டேங்க். வாசகர் அடிக்க வருவார்.

ஆ) வளர்த்த நாயைப் புதைத்த இடம். இரண்டு சொட்டுக் கண்ணீர்.

இ) மாமியார் வீட்டை விட்டுப் போகவே இல்லை. இதை எழுதியே விட்டேன். ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. தாள்களை மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

5

இன்று மதியம் மாமனார் தானாகவே வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை போடும்மா."

வேரை நேராக மூலைக்கு விட்டார். வெற்றிடத்தின் குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. செடி தளதளவென்று வளர்ந்தது. கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"பாத்தியா? அங்க ஒண்ணுமே இல்ல."

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்குன்னு நான் சொல்லவே இல்லையேப்பா."

அவர் என் தாள்களைப் படித்திருந்தால், அது மாப்பிள்ளையின் சந்தேகத்தால் நொந்துபோன ஒருவரின் பேச்சு. படிக்கவில்லை என்றால், யாரும் கேட்காத கேள்விக்கு அவராகச் சொன்ன பதில். தாள்கள் மேஜையில் வைத்தபடியே கிடந்தன. நான் வைத்தபடியா? சத்தியம் செய்ய முடியாது. கைவசம் இருந்த ஒரே சாட்சியத்தை என் கதையே கெடுத்துவிட்டது.

"மாமா, மேஜைல இருந்ததப் படிச்சீங்களா?"

"நீங்க எழுதறத நான் எப்ப மாப்பிள்ளை படிச்சிருக்கேன்?" சிரித்தார்.

மனைவி எழுந்தாள். "தோண்டிப் பாத்துரலாம்."

"பாத்துரலாம்மா. மண்ணு இறுகிக் கிடக்கும். கடப்பாரைய நான் எடுத்துட்டு வரேன்."

6

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. அவள் முன்னால் போகிறாள். அவர் கடப்பாரையோடு பின்னால். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களாக இருந்தால் இந்நேரம் பேனாவைப் போட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டாம். அவள் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கிறாள். அவர் கையை