நடுவில் வந்த கேள்வி

பழைய இரும்பை அமுக்கிக் கட்டியாக்கும் பிரஸ், அதன் தொட்டிக்குள் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தபோது ஓடியது. நேரம் காலை பதினொன்று நாற்பத்திரண்டு. சிக்கிக்கொண்ட ஒரு கம்பியை வெட்டி எடுக்க அவன் இறங்கியிருந்தான். ஐந்து நிமிட வேலை. மெயின் சுவிட்சை அணைத்தால் எண்ணெய் மறுபடி சூடாக அரை மணி நேரம் ஆகும் என்பதால், சின்ன வேலைக்கெல்லாம் அங்கே யாரும் அணைப்பதில்லை. அமுக்கும் தகடு அவன் இடுப்பைக் கடந்த பிறகுதான் கிரேன் டிரைவர் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஃபிட்டரை இரண்டு தடவையாக வெளியே எடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனதும் மேஸ்திரி கேட்டை இழுத்துப் பூட்டினார். ஃபிட்டர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. கண்ணாடி அறையில் உட்கார்ந்து கணினி வழியாக பிரஸ்ஸை இயக்கும் ஆபரேட்டர், அந்தத் தம்பி மனைவியின் அண்ணன். இரண்டு நாள் முன்னால் ஃபிட்டர் அவளை அடித்ததில் அவள் கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபரேட்டர் ஃபிட்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "இன்னொரு வாட்டி என் தங்கச்சி மேல கை வெச்சே, தொட்டியில போட்டு அமுக்கிருவேன்டா" என்று கத்தினான். இருபது பேர் கேட்டார்கள்.

ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபரேட்டரை உதிரிப்பாகங்கள் வைக்கும் அறையில் தூணோடு கட்டினார்கள். எந்த விரலால் அமுக்கினாய் என்று கேட்டார்கள். அமுக்கவில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதால், வலது கையின் ஐந்து விரல்களையும் இரும்புப் பலகையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள்.

அதற்கப்புறம் மேஸ்திரி, பிரஸ்ஸுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த புரோகிராமருக்குப் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு விபத்து. ஆபரேட்டர் 'ஆம்'னு அமுக்குனது கம்ப்யூட்டர்ல நிக்குது. அதைப் பேப்பர்ல அடிச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவள் பன்னிரண்டரைக்கு வந்தாள். அவளை மட்டும் உள்ளே விட்டு மறுபடியும் கேட்டைப் பூட்டினார்கள். தொட்டியை இன்னும் யாரும் கழுவியிருக்கவில்லை. அவள் ஒரு தடவை பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

"யாருக்கு இந்தப் பேப்பர்?" என்று வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க அம்மாவுக்கு" என்றார் மேஸ்திரி. "நாளைக்கு யாரும் வந்து, பாவம் தப்பான ஆளை அடிச்சுட்டானேன்னு அவங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியிலேருந்து தகவல் போயி போலீஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள அவனும் தொட்டியில இறங்குவான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. பின்னால் நின்றவர்கள் கையில் கடப்பாரையும் கம்பியும் இருந்தன.

கண்ணாடி அறைத் திரையில் அந்த வரி இருந்தது. 'நிறுத்திய வேலையைத் தொடரலாமா? பதில்: ஆம்.' நேரமும் ஆபரேட்டரின் எண்ணும் பக்கத்திலேயே. இன்று போல எண்ணெய் அழுத்தம் குறைந்து பிரஸ் தானாக நின்றால், அழுத்தம் திரும்பியதும் மென்பொருள் இந்தக் கேள்வியைக் கேட்கும். எழுதியவள் அவள்தான்.

"நான் அவர்கிட்ட பேசணும்."

"அவன்கிட்ட என்ன பேச்சு?"

"பேசாம நான் எதையும் அடிச்சுத் தர மாட்டேன்."

உதிரிப்பாக அறையில் ஆபரேட்டரின் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. வலது கை, கை மாதிரி இல்லை. அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். முன்பற்கள் இரண்டைக் காணோம்.

"அமுக்குனீங்களா?"

"அமுக்கணும்னு நெனச்சிருக்கேன் மேடம். நூறு வாட்டி. இன்னிக்கு நெனைக்கலை. லாரி வரிசையா நின்னுச்சு, எடைச்சீட்டைப் பார்த்து கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருந்தேன். எந்தக் கேள்வியும் என் கண்ணுல படலை."

"தலையை நிமிர்த்தவே இல்லையா?"

"சீட்டைப் பார்க்கவா, திரையைப் பார்க்கவா? எனக்கென்ன நாலு கண்ணா?"

அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பி முழுப் பதிவையும் திறந்தாள். திரையில் தெரியும் சுருக்கத்தில் பதில் சொன்ன நேரம் மட்டும்தான் இருக்கும். முழுப் பதிவில் கேள்வி திரைக்கு வந்த நேரமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, ஒரு நொடியை ஐந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"மேஸ்திரி, அந்தக் கேள்வியில மூணு வார்த்தை இருக்கு. கண்ணை மூடித் திறக்கிற நேரத்துல அதைப் படிச்சு யாரும் பதில் சொல்ல முடியாது. அவர் எடையை அடிச்சிட்டு என்டர் தட்டப் போனாரு. அந்த நேரத்துல கேள்வி நடுவுல வந்து குதிச்சிருச்சு. திரையில எந்த ஜன்னல் முன்னால நிக்குதோ, தட்டுறதெல்லாம் அதுக்குத்தான் போகும். எடைக்குப் போக வேண்டிய என்டர் இதுக்குப் போயிருச்சு."

"நம்பர் உங்க கையில. என்ன வேணும்னாலும் எழுதிக் காட்டலாம்."

"எங்க தலையில மொளகா அரைக்கிறா" என்றான் கடப்பாரைக்காரன் ஒருவன்.

"அப்ப நீங்களே உக்காருங்க" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை இந்த நாற்காலியில நீங்கதானே?"

பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அழுத்தம் திரும்பிவிட்டது என்ற பொய்த் தகவலைத் தன் மடிக்கணினியிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்தாள். எப்போது அனுப்புவேன் என்று சொல்லவில்லை. "கேள்வி வந்தா 'இல்லை'ன்னு குடுங்க. அவ்வளவுதான்."

மேஸ்திரி ரத்தம் காய்ந்த விரல்களால் எடைச்சீட்டுகளைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார். நாலாவது சீட்டில் கேள்வி வந்தது. அவர் நிதானமாக மவுஸை நகர்த்தி 'இல்லை'யை அழுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"கண்ணுன்னு ஒண்ணு இருந்தா இப்படித்தான் மேடம்."

ஒருவன் உதிரிப்பாக அறைக் கதவைக் காலால் உதைத்தான். உள்ளே ஆபரேட்டர் அலறினான்.

"நீங்க திரையையே பாத்துக்கிட்டிருந்தீங்க" என்றாள் அவள். "ஒரு சீட்டுக்கு அரை நிமிஷம் ஆச்சு. அவருக்கு ஆறு நொடி. லாரிக்காரன் ஆரன் அடிச்சா நீங்க எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க."

கிரேன் டிரைவர் சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தார். "வேகமா அண்ணே. கேட்டு வரைக்கும் லாரி நிக்குது."

மேஸ்திரியின் கண் சீட்டுக்கு இறங்கியது. நாலு எண், என்டர். நாலு எண், என்டர். பழகிய கை தானாகவே ஓடியது. ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது சீட்டை வாங்க அவர் கையை நீட்டியபோது கிரேன் டிரைவர் தரவில்லை.

"என்ன?"

"அண்ணே, மேல பாருங்க."

திரையில் 'தொடர்கிறது' என்று பச்சையில் மின்னியது. கேள்வி வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவில்லை. பதிவில் அவருடைய எண், 'ஆம்' என்ற பதில், இடையில் அதே அளவு நேரம்.

மேஸ்திரி தன் ஆள்காட்டி விரலைப் புரட்டிப் பார்த்தார்.

"கேள்வி வந்தா வரட்டும். ஏன் 'ஆம்'ல போய் விழுது? 'இல்லை'ல விழக் கூடாதா?"

"விழும்படி வெச்சிருக்கலாம். 'ஆம்' தயாரா இருக்கிற மாதிரி வெச்சேன். என்டர் தட்டினா அதுவே போகும். வெச்சது நான்தான்."

"கையெல்லாம் கிரீஸு, மவுஸ் வழுக்குது, எல்லாம் என்டர்லயே போகட்டும்னு நாமதான் அண்ணே கேட்டோம்" என்றார் கிரேன் டிரைவர் மெதுவாக.

மேஸ்திரி எழுந்து அவளை அறைந்தார். அவள் மேஜை விளிம்பில் மோதிக் கீழே விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. சாவியிருந்த பையை அவள் விடவில்லை.

"அப்ப இவளைத் தூக்கித் தொட்டியில போடுங்கடா!" என்று கடப்பாரைக்காரன் முன்னால் வந்து அவள் தலைமுடியைப் பிடித்தான்.

மேஸ்திரி அவன் கையைப் பிடித்து முறுக்கிக் கடப்பாரையைப் பிடுங்கினார். "இப்ப நானும்தானேடா அமுக்குனேன். என்னையும் போடுவியா? போடு. வா."

அவன் பின்வாங்கினான். அவர் திரும்பி கடப்பாரையால் திரையை அடித்தார். பிறகு விசைப்பலகையை. எழுத்துகள் பல்லுப் பல்லாகத் தெறித்தன. மேஜை இரண்டாக உடையும் வரை அடித்தார். அடித்துக்கொண்டிருந்தபோதே தம்பியை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார், அழைப்பதுபோல.

மூச்சு வாங்க, கடப்பாரையோடே உதிரிப்பாக அறைக்குள் போனார். கயிறுகளை அறுத்தார். "எந்திரிடா" என்றார்.

ஆபரேட்டருக்கு அந்தக் கண்ணாடி அறையில் நடந்தது எதுவும் தெரியாது. உடைபடும் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தது. வெளியே போக ஒரே வழி, பிரஸ்ஸை ஒட்டி.

"வேணாம் மேஸ்திரி. ரெண்டு புள்ளைங்க. வேணாம்."

"வாடா."

சொல்ல வேண்டியது வேறு என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயில் வரவில்லை. கடப்பாரையை எறிந்துவிட்டு அவனைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் தூக்கினார். தொட்டியின் சிவப்பு கண்ணில் பட்டதும் அவன் வெறிபிடித்தவனாக உதைத்தான். நொறுங்கிய கையாலேயே அவர் முகத்தில் குத்தினான். பிறகு தலையைத் திருப்பி, அவருடைய முன்னங்கையை மிச்சமிருந்த பற்களால் கவ்வினான்.

"ஆஸ்பத்திரிக்கு! ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறாரு!" என்று புரோகிராமர் கத்திக்கொண்டே கூட ஓடினாள். அவன் தன் அலறலைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

கிரேன் டிரைவர் கேட்டைத் திறந்து லாரியைக் கிளப்பினார். மேஸ்திரி அவனை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பல் எலும்பு வரை இறங்கியிருந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் இருக்கையில் சொட்டியது. ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் கை அவன் வாயிலேயே இருந்தது. மேஸ்திரி அதை இழுத்துக்கொள்ளவில்லை.