இரண்டு சாம்பல் டிக்

அம்மா செத்த செய்தியைச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் சும்மா இருப்பவன் நான்தான். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. அதோடு முடிந்தது.

காலையில் டீ போட்டுக்கொண்டுபோய் அம்மாவை எழுப்பினேன். எழவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார். தங்கை வெண்மதி பண்ருட்டியிலிருந்து புருஷனோடு வந்து விழுந்து அழுதாள். எனக்கு எதுவும் வரவில்லை. பந்தல்காரன் கம்பு இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தேன். பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து, 'காரைக்காடு இருசம்மாள் இன்று காலமானார், மாலை எடுக்கிறோம், ராஜவேல்' என்று தட்டி, இருக்கிற எண்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் தள்ளினேன்.

கம்பெனியில் போனை அணைத்து கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பொறி பயம். விடிந்து வெளியே வந்து போட்டால், ராத்திரி அனுப்பியதெல்லாம் மொத்தமாக வந்து விழும். அதுவரை அனுப்பியவர்களுக்கு ஒரே ஒரு டிக்தான் தெரியும். அப்படித்தான் இந்த டிக் விவகாரமெல்லாம் எனக்குப் பழக்கம். ஒன்று என்றால் நம்மைவிட்டுப் போய்விட்டது, அங்கே சேரவில்லை. இரண்டு என்றால் அந்தப் போனுக்குள் போய்விட்டது. இரண்டும் நீலமானால் ஆள் பார்த்துவிட்டான்.

ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்களும் வந்து இறங்கினார்கள். ஒன்று மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றது. சிதம்பரத்தில் இருக்கும் அம்மாவின் அண்ணன், கலியமூர்த்தி மாமா.

அவர் வராமல் எடுக்க முடியாது. எங்கள் பக்கம் பெண்பிள்ளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். கூடப் பிறந்தவன் புதுப்புடவை கொண்டுவந்து மேலே போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். வெண்மதியைத் தன் மகன் ஸ்ரீதருக்குக் கேட்டார். வெண்மதி முடியாது என்றாள். அம்மா அவள் பக்கம் நின்றாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. இங்கிருந்து யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டார். அன்றைக்கும் எடுக்கவில்லை. ஸ்ரீதர் துபாயில் இருக்கிறான். அவன் எண் எங்களிடம் இல்லை.

சடையப்பன் பெரியப்பா பங்காளிகளில் மூத்தவர். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"என்னடா ஆச்சு சிதம்பரம்?"

"ரெண்டு டிக் வந்துருக்கு பெரியப்பா."

"அப்ப வராரா?"

"போன்ல போய் சேந்துருக்கு. பாத்தாரா இல்லையான்னு தெரியல."

"போய் சேந்துருக்கு, ஆனா பாக்கல. இது என்னடா கணக்கு? வாசல் வரைக்கும் போயிட்டு கதவத் தட்டாம நிக்குதா?"

"பாத்துருந்தா நீலமாவும்."

"அவரு ஏற்கெனவே கோவத்துல செவந்துபோய்க் கெடக்கறவரு. அவர நீ நீலமா வேற மாத்தணுமா," என்றான் பக்கத்திலிருந்த மச்சான் ஒருவன். இரண்டு பேர் சிரித்து, உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

வெண்மதி மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, மாமா அந்த நீல டிக்க அணைச்சு வச்சிருப்பாரு. நீ பொழுதுக்கும் பாத்தாலும் இப்படியேதான் இருக்கும். வாய்ஸ் போடு. அதக் கேட்டா மைக் படம் நீலமாவும். அத அணைக்க முடியாது."

"நீ போடேன்."

"என் கொரல் கேட்டா முழுசாக் கேப்பாரா அவரு? நீ போடு."

அது எனக்குத் தெரிந்ததுதான். தோன்றவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் மைக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். மாமா, அம்மா என்று ஆரம்பிக்க வேண்டும். காலையிலிருந்து அந்தச் செய்தியை நான் வாயால் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சொன்னார், வெண்மதி சொன்னாள், பந்தல்காரன்கூடச் சொன்னான். நான் தட்டினேன், அவ்வளவுதான். வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. தெருவில் மேளக்காரர்கள் வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். விரலை எடுத்தேன். அது போய்விட்டது.

அழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மைக் நீலமானது.

போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அப்ப கேட்டுட்டான். கேட்டுட்டு ஒக்காந்துருக்கான்."

"ஆமா."

"கூடப் பொறந்தவ கெடக்கறா. இவனுக்கு இவ்ளோ வீம்பு ஆவாதுடா. கொஞ்ச நேரம் பாப்போம், வரலன்னா தூக்கிருவோம். இன்னியோட அந்த வூடே வேணாம்."

பங்காளிகள் சரி என்றார்கள். பிறந்த வீடே இல்லாதவள் மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெண்மதி என்னைப் பார்த்தாள். தன்னால்தான் அம்மாவுக்கு இந்தக் கதி என்று நினைக்கிறாள்.

"நேர்ல போயிட்டு வரேன். நான் வர வரைக்கும் தூக்காதீங்க," என்றேன்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரணும். அதுக்கு மேல வச்சிருக்க முடியாது," என்றார் பெரியப்பா.

வண்டியை எடுத்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். வழியில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். முன்னால் போன லாரியின் தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப தூரம் பின்னால் போனேன்.

மாமா மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மேலே வீடு. அத்தை இல்லை, போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மடியில் ஒரு துணிக்கடைப் பை. செருப்புகூடக் காலில் இருந்தது.

வண்டியை நிறுத்தினேன். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"மாமா, மெசேஜ் போட்டுருந்தேன்."

"பாத்தேன்."

"எப்ப?"

"போட்டப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"கரெண்டு பில்லு கூட அதுலதாண்டா வருது. ஊரு பூராவுக்கும் போட்ட அதே எழுத்த எனக்கும் போட்டுருக்க. நான் ஊரா? பொறந்த வூட்டுக்கு ஆளு வந்து சொல்லணும். சொல்ல ஆளு வராம, நானா துணியத் தூக்கிகிட்டு வந்து நின்னா, 'யாரு கூப்புட்டா உன்ன'ன்னு ஒரு வார்த்த ஒருத்தன் கேட்டுட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

"அப்புறம் வாய்ஸும் போட்டேனே."

"கேட்டேன். மோளம் அடிச்சிது. நீ ஒண்ணுமே சொல்லலயே."

பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"சொல்லு," என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை. "வாயால சொல்லு. கெளம்பறேன்."

"அம்மா செத்துட்டாங்க மாமா."

சொல்லிவிட்டேன். ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. சந்தில் ஒரு ஆட்டோ நுழைய வழி கேட்டு ஹாரன் அடித்தது. வண்டியை ஓரமாகத் தள்ளினேன். மாமா எழுந்து, ஷட்டரை முழுதாக இறக்கிப் பூட்டி, பையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். பிறகு, "ஒடம்பு முடியாம இருந்தாளா?" என்றார்.

"இல்ல. நேத்து நல்லா சாப்புட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசலடா. நானும் பேசல, சரி. நான் தெனம் காலையில ஸ்டேட்டஸ் வைப்பேன். முருகரு, பூவு, ஏதாவது. அதையாவது பாத்தாளா? யாருமே பாக்க மாட்டேங்குறாங்க அத. போட்டா அப்படியே கெடக்கும்."

"பாப்பாங்க. எந்திரிச்சதும் அதான் மொதல்ல. என்னை எழுப்பிக் காட்டுவாங்க. 'எங்கண்ணன் இன்னிக்கு சூரியகாந்தி போட்டுருக்கு பாரு'ன்னு."

"பொய் சொல்லாத. எவன் பாத்தாலும் பேரு வரும்னு ஸ்ரீதர் சொன்னான். ஒரு பேரும் வரல."

"நீங்க நீல டிக்க அணைச்சு வச்சிருக்கீங்கல்ல. அத அணைச்சா ஸ்டேட்டஸ யாரு பாத்தாங்கன்னும் ஒங்களுக்குத் தெரியாது."

வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அதுவும் போயிடுமா?"

"போயிடும்."

"நீங்கள்லாம் அனுப்பறத நான் பாக்கறது தெரியக் கூடாதுன்னு ஸ்ரீதரு லீவுல வந்தப்ப அவன்கிட்ட குடுத்து அணைக்கச் சொன்னேன். இத அவன் சொல்லலயே."

"அவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று புதுச்சத்திரம் வரை யோசித்தேன். அப்புறம் அதுவும் விட்டுப்போனது.

நாங்கள் வந்தபோது பாடை தயாராகக் கிடந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. தெருமுனையில் எங்களைப் பார்த்ததும் மேளக்காரர்கள் எதிரே வந்து அடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சடையப்பன் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வழி விட்டார்.

மாமா பையைப் பிரித்தார். மயில் பச்சை. அகலமான ஜரிகை. அப்பா போன பிறகு அம்மா அந்த மாதிரி எதையும் தொட்டதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன கலியமூர்த்தி, முகூர்த்தத்துக்கு எடுத்த மாதிரி இருக்கு?" என்றார் பெரியப்பா மெதுவாக.

"கடையில யாருக்குன்னு கேட்டான். தங்கச்சிக்குன்னேன். இத எடுத்துக் குடுத்தான். வேற எதுவும் சொல்ல வரல எனக்கு."

பெரியப்பா கையை ஆட்டினார், போர்த்து என்று. மாமா போர்த்தினார். புதுத்துணி, மடிப்பு படியவில்லை. முழங்கால் பக்கம் ஒரு மடிப்பு தூக்கிக்கொண்டே நின்றது. உள்ளங்கையால் அதை அழுத்தினார். கையை எடுத்தால் எழும்பும். மறுபடி அழுத்தினார். மறுபடியும். மேளம் நின்றிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெண்மதிதான் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"விடுங்க மாமா. போதும்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"தூக்கலாமாடா?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

"தூக்கலாம்," என்றேன்.