மே முதல் நாள் கொடுத்த கங்கு

1
இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. வெண்ணெய் திரளாத நாளெல்லாம் என் அம்மா, "எல்லாம் அந்த சோர்க்கா குடுத்த கங்கு!" என்பாள். சோர்க்கா என் அப்பாவுக்குப் பெரியம்மா முறை, நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபோது மிஞ்சிய நோட்டில் அவளை எழுதுகிறேன். நோட்டு மாவுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

2
"மேயோ மாவட்டத்து மலைச்சரிவில் வெள்ளையடித்த சின்ன வீடு, புகைபோக்கியில் நீலப் புகை..."

(வேண்டாம். வெளியே நின்று பார்ப்பவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். உள்ளே கண் எரியும்.)

மறுபடி. மே முதல் நாள் காலை. பக்கத்து வீட்டு நாப்லா சட்டியோடு வாசலில் நிற்கிறாள். கூரை ஒழுகி அவள் அடுப்பு அணைந்துவிட்டது. வீட்டில் நான்கு நாள் குழந்தை.

"ஒரே ஒரு கங்கு குடு சோர்க்கா. புள்ள நீலம் பாரிச்சுக் கெடக்கு."

சோர்க்காவின் மாமியார் பிரீஜ் அடுப்போரம் இடுக்கியை மடியில் வைத்திருந்தாள். "இன்னிக்கு நெருப்பு வாசல் தாண்டினா, வருஷத்து வெண்ணெயும் கூடவே போயிரும். நாளைக்கு வாடி."

"கங்குதானே அத்தே, உங்க மாட்டையா கேட்டேன்?"

"மாட்டைக் கேட்டாக்கூட யோசிப்பேன்!"

3
சோர்க்கா அழுதபடி

(அழவில்லை. அழுதால் உங்களுக்கு அவளைப் பிடிக்கும் என்று எழுதப் பார்த்தேன்.)

இடுக்கியை மாமியார் தானாகக் கொடுக்கும்வரை மருமகள் அதைத் தொடக்கூடாது. சோர்க்கா மடியிலிருந்து உருவினாள்.

"வைடி கீழ!"

"வெண்ணெய் போச்சுன்னா என்னைத் திட்டுங்க. புள்ள போச்சுன்னா யாரைத் திட்டுவீங்க?"

சாம்பலைக் கிளறி மூன்று கங்குகளைச் சட்டியில் போட்டாள். நாப்லாவுக்குப் பிள்ளை பெற்ற உடம்பு. சட்டியைச் சோர்க்காவே தூக்கினாள்.

4
முடிவுகள்.

அந்த வருடம் வெண்ணெய் திரளவில்லை. எங்கள் வீட்டில் சொல்வது இது.

அல்லது, குடம் குடமாகத் திரண்டது. (இதுவும் பிடிக்கவில்லை. வெண்ணெய் வந்ததால்தான் அவள் செய்தது சரி என்றாகிவிடும்.)

குழந்தை பிழைத்ததா என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடமாக வெண்ணெயைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.

ஆகவே நான் முடிக்க மாட்டேன். அவளைத் தண்டிக்கவும் மாட்டேன். வெண்ணெய் என்ன ஆயிற்று என்பவர்கள் நோட்டை மூடிவிடுங்கள். மற்றவர்கள் வழிவிடுங்கள், அவள் கையில் நெருப்பு இருக்கிறது.