வலது பக்க சாக்ஸபோன்

கம்பெனியில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'மோப்பம்' என்பார்கள். படத்தின் எந்தக் காட்சிக்கு எந்தப் பழைய இசை பொருந்தும் என்று மோப்பம் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. இசையமைப்பாளர் கைவிரித்த இடமெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். கம்பெனி எப்போதோ மொத்தமாக வாங்கிப் போட்ட பழைய இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக அவர் அறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன. இருபத்து மூன்று வருடமாக அவற்றைத்தான் கட்டி அழுதுகொண்டிருந்தார். பட்டப்பெயர் மூக்குக்கு, வேலை என்னவோ காதுக்கு.

அந்தக் காதுகளில் ஒன்று போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வலது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம். முகம் துடைத்து முடிப்பதற்குள் அந்த விசிலும் இல்லை, வேறெதுவும் இல்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தார். கையிலிருக்கும் படம் முடியட்டும் என்று பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டார். அடுத்தவர் வேலை என்றால் பறப்பார், தன் உடம்பு என்றால் மட்டும் ஆற அமரப் பார்க்கலாம் என்பார், அப்படி ஒரு மனிதர். டாக்டர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இனி ஒன்றும் சொல்வதற்கில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதையும் இவர் இடது காதைத் திருப்பிக் காட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் தம்பியிடம் சொல்வாள். தம்பி வேலை பார்ப்பது இதே கம்பெனியில், மிக்சிங் மேசையில். அப்புறம் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். ஒற்றைக் காதுக்காரரை வைத்து இசை தேட வேண்டும் என்று எந்த முதலாளிக்கு என்ன தலையெழுத்து? அதனால் எங்கே போனாலும் வரிசையின் வலது கோடியில் உட்கார்ந்தார், எல்லோரும் இடது பக்கம் வருகிற மாதிரி. வீட்டில் அந்தச் சிரமமும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மனைவியே கட்டிலில் இடம் மாறி அவருடைய இடது பக்கம் வந்து படுத்துக்கொண்டாள். நம் நேரம் இந்த ஒரு விஷயத்திலாவது நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் இந்தக் காட்சி வந்து சேர்ந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்த துப்பறியும் படம். கோட்டுப் போட்ட ஒருவன், ஈரமான தெரு, பாதி எரிகிற விளக்கு. நண்பனே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு அந்தக் கோட்டுக்காரன் நான்கு மாடி இறங்கி வருகிறான். நான்கு நிமிடம், ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்தப் படிக்கட்டுக்குத்தான் ஜாஸ் வேண்டும், பழைய ஜாஸ், இருட்டு பிடித்த ஜாஸ். டைரக்டருக்கு முப்பது வயதுகூட இல்லை, ஆனால் பேச்சில் குறைச்சல் இல்லை. மோப்பம் கொண்டுபோன ஒரு ட்ரம்பெட்டைக் கேட்டுவிட்டு, சாவு வீட்டுக்குத் தாமதமாக வந்தவன் மாதிரி இருக்கிறது என்றான். ஒரு பியானோவுக்கு, லிஃப்டில் போகிற மாதிரி இருக்கிறது என்றான். அப்படி முப்பத்து மூன்று இசைத் துண்டுகள் குப்பைக்குப் போயின. நாளைக் காலை பதினொரு மணிக்குள் கிடைக்கவில்லை என்றால் வேறொரு கம்பெனி ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியனுப்பினார். அப்படிக் கொடுத்தால் அந்த ஆள் அப்படியே இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவான் என்பது சொல்லாமலே தெரிந்தது.

ஒவ்வொரு தட்டையும் அவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஹெட்போனை நேராக மாட்டி ஒரு முறை, இடம் வலம் மாற்றி மாட்டி ஒரு முறை. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடிட்டிங் செய்கிறவர்கள் என்ன என்று கேட்பார்கள். பிழைப்புக்காக மனிதன் ஒரு சின்ன விளக்குக்குக்கூடப் பயப்பட வேண்டியிருக்கிறது.

அன்று மாலை நாற்பத்தொன்றாம் பெட்டியில், உறை கிழிந்த ஒரு தட்டில் அது அகப்பட்டது. பியானோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியது. பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் அடிக்குரலில் மெதுவாக நடந்தது. பிறகு நீண்ட இடைவெளி, யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருந்து ஏமாந்த மாதிரி. மறுபடி பியானோ அதே இரண்டு வார்த்தை. மோப்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டுக்காரன் படியிறங்குவது அப்படியே தெரிந்தது. ஹெட்போனை மாற்றி மாட்டிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மூன்று நாள் அலுப்பும் கிடைத்துவிட்ட சந்தோஷமும் சேர்ந்து மனிதரைக் கவிழ்த்துவிட்டன.

மறுநாள் மிக்சிங் தியேட்டரில் முதலாளி, டைரக்டர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் மேசையில். மோப்பம் வலது கோடியில். திரையில் கோட்டுக்காரன் முதல் படியில் காலை வைத்தான். பியானோ வந்தது, பேஸ் வந்தது. அடுத்து அந்த இடைவெளி வர வேண்டும். வந்தது ஒரு சாக்ஸபோன். கொழுகொழுவென்று, குழைந்து குழைந்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றது.

தட்டை மாற்றிவிட்டாயா என்று மச்சினனிடம் சீறினார். அவன் உறையைத் தூக்கிக் காட்டினான். நாற்பத்தொன்று என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் சில கம்பெனிகள் வாத்தியங்களைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பாகப்பிரிவினை செய்து பதிவு செய்வார்கள். இது அவருக்குத் தெரியாததல்ல, சின்னவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தது. ஹெட்போனில் செத்த காதுக்குள் முழுசாகப் போய் விழுந்த சாக்ஸபோன், இங்கே தியேட்டர் முழுக்கப் பரவி நல்ல காதுக்கும் வந்துவிட்டது. அவர் அழுதது பாதி இசைக்கு.

டைரக்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இனி இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் நாற்காலி போகும். வாயைத் திறந்தால் ஏன் என்று கேட்பார்கள், காது விஷயம் வெளியே வரும்.

"வலது பக்கத்தை மூடு," என்றார் மச்சினனிடம்.

"மாமா?"

"வலது பக்கம் மட்டும். முதல்லேர்ந்து போடு."

மச்சினன் வலது பக்கச் சத்தத்தை இறக்கிவிட்டு முதலிலிருந்து போட்டான். பியானோ இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தியது. கோட்டுக்காரன் கைப்பிடியைப் பிடித்து நின்றான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் இறங்கினான். நான்கு நிமிடம் முடியும்வரை தியேட்டரில் யாரும் அசையவில்லை.

"இதான்," என்றான் டைரக்டர். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாதியை எடுத்துட்டா இப்படி ஆகும்னு எப்படி சார் தோணுச்சு? கடைசி மிக்சிங்ல நீங்க என் பக்கத்துல உட்காரணும். சுத்தி இருக்கிற ஸ்பீக்கர் எல்லாத்தையும் நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

இருபத்து மூன்று வருடமாக டைரக்டர் பக்கத்து நாற்காலிக்கு ஆசைப்பட்டவர். சரி என்ற ஒரு சொல் போதும், மேதை என்று பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் உட்கார்ந்த முதல் நாளே மாட்டிக்கொள்வார், படமும் கெடும். அந்தப் படியிறங்கும் காட்சியை அவர் உண்மையாகவே நேசித்துவிட்டார், அதுதான் தொல்லை.

"தோணல தம்பி," என்றார். "எனக்குக் கேக்கல. இந்தக் காது போயிடுச்சு."

டைரக்டர் பிடித்த கையை விடவில்லை. முதலாளிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் படம் முடிகிறவரை இருங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதன் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

மோப்பம் வெளியே வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். மூன்று வாரமாகக் கவனமாக இடது காதில் வைத்துக்கொண்டிருந்த போனை, பதற்றத்தில் கை பழைய வழக்கப்படி வலது பக்கம் கொண்டுபோனது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். காது போனதை, டாக்டர் சொன்னதை, மறைத்ததை, வேலையும் போகப்போவதை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஏதாவது சொல்லு," என்றார். "திட்டவாவது செய்."

அப்போதும் ஒன்றுமில்லை. இருபது வருடம் கூட இருந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

பின்னாலேயே வந்திருந்த மச்சினன் அவர் கையிலிருந்து போனை எடுத்து அவருடைய இடது காதில் வைத்தான். அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், எப்போதிலிருந்தோ.

"...ஜன்னல் வெளிச்சமாவது மண்ணாவது. ராத்திரியில ஏது வெளிச்சம்? அந்தப் பக்கம் படுத்துப் பேசினா உங்களுக்குக் கேக்கலன்னுதானே இந்தப் பக்கம் வந்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இருக்கீங்களா? கேக்குதா?"

"கேக்குது," என்றார். "மறுபடி முதல்லேர்ந்து சொல்லு."