டெல்ஃபினுக்கு மட்டும் சம்மதமில்லை

குவேக்கர் என்ற, அமைதியையே பெரிதாக நினைக்கும் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் எங்கள் கோடை முகாமில் சண்டை கிடையாது. அடிப்பது, கத்துவது, ஓட்டுப் போட்டு அடுத்தவரைத் தோற்கடிப்பது எதுவுமே கிடையாது. எல்லோரும் சமம் என்பதால் பெரியவர்களைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். கக்கூஸ் கழுவும் முறையும் எல்லோருக்கும் வரும். எந்த முடிவானாலும் வட்டமாக உட்கார்ந்து, எல்லோர் மனமும் ஒத்துப்போகும்வரை பேச வேண்டும். பேச்சு சூடாகிவிட்டால் மௌனம். அதாவது, வாயைத் திறக்காமல் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் நேரம்.

அந்தக் கோடையில் எங்கள் கேபின் என்ற மரக்குடிலில் பத்து வயதுப் பெண்கள் எட்டுப் பேர் இருந்தோம். மலை உச்சியில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவதுதான் முகாமிலேயே பெரிய விஷயம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மலையை விட்டால் வேறென்ன இருக்கிறது? எங்களைப் பார்த்துக்கொண்ட கல்லூரிப் பெண் லின்னியா, ஒப்புக்குத்தான் கேட்டாள்.

"நாளைக்கு மலைக்குப் போறோம். எல்லாருக்கும் சரிதானே?"

"எனக்குச் சரியில்ல" என்றாள் டெல்ஃபின். பாஸ்டனிலிருந்து முதல் தடவையாக வந்தவள்.

"ஏன்?"

"பிடிக்கல."

லின்னியாவின் முகம் மலர்ந்தது. நிஜமான கருத்து வேறுபாடு ஒன்றுக்காக அவள் ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தாள். மறுநாள் காலையிலேயே எங்களைப் புல்லில் வட்டமாக உட்கார வைத்துவிட்டாள்.

முதலில் டபித்தா பேசினாள். அவள் பரம்பரைக் குவேக்கர். கோபப்படவே மாட்டாள், வருத்தம்தான் படுவாள். "டெல்ஃபின், உன் மனசு எனக்கு நல்லாப் புரியுது. உன்னால எங்க எல்லாரோட கோடையும் நாசமாப் போகுதேன்னுதான் கொஞ்சம் வருத்தமா இருக்கு."

"பயந்தாங்கொள்ளி!" என்றாள் கோரின்.

"கோரின், அதையே அன்பாச் சொல்லிப் பாரு" என்றாள் லின்னியா.

"அன்பான பயந்தாங்கொள்ளி."

மௌனம் அறிவிக்கப்பட்டது. என் முழங்காலில் ஒரு கொசு உட்கார்ந்தது. அதை அடிக்கலாமா என்று முடிவெடுக்க இன்னொரு கூட்டம் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, கடிக்க விட்டுவிட்டேன். பக்கத்துக் கேபின் பெண்கள் மூட்டைகளோடு எங்களைத் தாண்டி மலையேறப் போனார்கள். கையசைத்தார்கள். பருப்பு சூப் வந்தது, ஆறியது.

"எவ்வளவு அழகான அனுபவம், இல்ல?" என்றாள் லின்னியா. கோரின் புல்லைப் பிடுங்கி எறிந்தாள்.

சாயங்காலம் நானும் டெல்ஃபினும் கக்கூஸ் பக்கம் போனோம். அங்கே குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மேரிஸ், மலை மேல கக்கூஸ் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்கு? மரத்துக்குப் பின்னால குழி தோண்டிக்க வேண்டியதுதான்."

அவள் முகம் வெளிறிப்போனது.

"அடிப்பாவி, இதுக்கா? வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!"

"சொன்னா எல்லாரும் வட்டமா உக்காந்து அதைப் பத்திப் பேசுவீங்க. அப்புறம் அதுக்காக மௌனமா வேற இருப்பீங்க."

லின்னியா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தியானிப்பது என் கண்முன் வந்துவிட்டது.

திரும்பிப் போய், எனக்குக் கால் வலிக்கிறது, சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியிலேயே படுத்துக்கொள்ளலாமே என்றேன். குவேக்கர்கள் பொய் சொல்லக் கூடாது. நான் சொல்லவும் இல்லை. காலையிலிருந்து சம்மணம் போட்டிருந்தால் யாருக்குத்தான் வலிக்காது? களைத்துப்போயிருந்த எல்லோருக்கும் உடனே மனம் ஒத்துப்போயிற்று. லின்னியாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

முழு மூட்டையையும் முதுகில் கட்டிக்கொண்டு கூப்பிடு தூரத்துக்குப் பயணம் போனோம். டபித்தா திசைகாட்டி எடுத்து வந்தாள். காய்கறிக் குப்பைக் குழியின் வாசத்தில் ஏழு பேர் புரண்டுகொண்டே கிடந்தோம். டெல்ஃபின் மட்டும் நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

காலையில் மலைக்குப் போனவர்கள் நாக்கெல்லாம் நீலமாக, காட்டுப் புளூபெர்ரிப் பழங்களைத் தின்றுகொண்டே இறங்கி வந்தார்கள்.

"மேல புதுசா கக்கூஸ் கட்டியிருக்காங்கடி! கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கு!" என்றாள் ஒருத்தி.

டெல்ஃபின் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு மலை சரி."

ஏழு பேரும் அவளைப் பார்த்தோம். அந்தப் பார்வையில் அகிம்சை கொஞ்சமும் இல்லை.

"இதைப் பத்தி வட்டமா உக்காந்து..." என்று லின்னியா ஆரம்பிப்பதற்குள் கோரின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். நாங்களும் பின்னால் ஓடினோம். கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, லின்னியாவும் செருப்பைத் தேடினாள்.