தவறினால் தண்டம்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசலில் கடை போட்டால் வாசனை சோப்பு பறக்கும் என்று வாணியம்பாடியில் வீராப்பு பேசியவன் நான்தான். மச்சான் சிரித்தார். "ரம்ஜான் பண்டிகைக்குள்ள ரெண்டு பெட்டி சோப்பையும் வித்துக் காட்டு சனாவுல்லா. இல்லைன்னா கடைய மூடிட்டு தோல் ஷாப்புக்கே வந்துடு" என்றார். தோல் ஊறும் தொட்டியில் ஆறு வருடம் நின்றவன் நான். அந்த நாற்றத்துக்குத் திரும்புவதைவிட மலையிலேயே பட்டினி கிடக்கலாம் என்று ஜீப் ஏறினேன்.

ஒன்றரை மாதத்தில் போனது மூன்று கட்டி. அதில் ஒன்று நானே தேய்த்துக் குளித்தது.

விளம்பரம் செய்தால்தான் வியாபாரம் என்பார் சோப்பு கம்பெனி ஏஜென்ட். சினிமா கொட்டகையில் சிலைடு போடச் சொன்னார். இங்கே கொட்டகைக்கு எங்கே போவது? தமுக்கு அடிக்கும் மாதையனைப் பிடித்தேன். அம்மை ஊசியா, காட்டில் ஆடு மேய்க்கத் தடையா, எல்லா உத்தரவும் அவர் வாயால்தான் ஊருக்கு வரும்.

மனுஷன் அருமையாகத்தான் சொன்னார். "சனாவுல்லா பாய் கடையில வாசனை சோப்பு வந்துகீது! வூட்டுக்கு ஒண்ணு வாங்கிக்கங்க!" அதோடு நிறுத்தக் கூடாதா? முப்பது வருடப் பழக்கம் விடுமா? "தவறுனா தண்டம் உண்டு!" என்று முடித்து, டம் டம் என்று தட்டியும் விட்டார்.

மறுநாள் விடியும்போதே கடை வாசலில் வரிசை. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தோல் தொட்டி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். மதியத்துக்குள் இரண்டு பெட்டியும் காலி. மச்சான் பூரித்துப்போய் இன்னும் நாலு பெட்டி அனுப்பினார்.

அப்புறம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

என்ன சங்கதி என்று பக்கத்து வீட்டு கெங்கம்மாளிடம் போனால், சோப்பு காகிதம்கூடப் பிரிக்காமல் கூரையில் செருகியிருக்கிறது. "ஆபீசர் வந்து கேட்டா காட்ட வேணாமா பாய்?" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தண்டமெல்லாம் இல்லம்மா. மாதையன் பழக்கத்துல சொல்லிட்டார், நானும் கம்முனு இருந்துட்டேன். அது குளிக்கிற சாமான்."

"அடப்பாவி! எலி கடிச்சிடப் போவுதுன்னு ராவும் பகலும் காவல் காத்தேனே!"

அவர் ஏசியது ஊருக்கே கேட்டது. இனி அத்தனை பேரும் சோப்பைத் திருப்பி என் தலையில் எறிவார்கள், தோல் ஷாப்புதான் கதி என்று மூட்டை கட்டத் தொடங்கினேன்.

ஆனால் ஒருத்தரும் திருப்பித் தர வரவில்லை. பத்தாம் நாள் கெங்கம்மாள் பின்கதவு வழியாக வந்தார். கிட்டே வரும்போதே சோப்பின் மல்லிகை வாசனை. "இன்னொண்ணு குடு பாய். யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா எல்லாத்தையும் அள்ளிக்கினு பூடுவாங்க."

சாயங்காலம் செல்லியம்மாள் வந்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்றார். மறுநாள் ஆறு பேர். ஆறு பேருக்கும் அதே ரகசியம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மச்சான் வந்தார். நாலாவது பெட்டியின் அடியில் ஒரே ஒரு கட்டி கிடந்தது. "அப்படி இன்னாடா விளம்பரம் பண்ணினே?" என்று வாய் பிளந்தார்.

பதில் சொல்வதற்குள் மாதையன் வந்தார். தமுக்கை வெளியே வைத்துவிட்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"ஒண்ணு இருக்குமா பாய்? யார்கிட்டயும் சொல்லிடாத."