பிஷப் மனைவிக்கு மூன்றாம் ஓலை

பிஷப் அம்புரோஸ் தெல்வாலின் மனைவி சிசிலி, இறந்து மூன்று வருடம் கழித்து, கல்லூரிக் குப்பைமேட்டில் எழுந்து உட்கார்ந்து குடிக்க ஏதாவது கேட்டாள். அவளைத் தோண்டி அங்கே போடச் சொன்னவர் பிஷப்தான்.

பழைய ராஜா போப்போடு முறித்துக்கொண்ட காலத்தில், போப்பைத் திட்டியே எங்கள் ஊர்க் கல்லூரிக்குத் தலைவரானவர் அவர். அடுத்து வந்த சிறுவன் ராஜா, பாதிரிமார் கல்யாணம் செய்யலாம் என்றதும் ஊரைக் கூட்டி சிசிலியைக் கட்டினார், பிஷப்பும் ஆனார். வியர்வைக் காய்ச்சலில் அவள் போனபோது கல்லூரிக் கோவிலுக்குள்ளேயே புதைத்துத் தேம்பி அழுதார். பிறகு ராணி வந்தார், போப்பின் அதிகாரமும் திரும்பியது, மனைவியுள்ள பாதிரிகளுக்கு வேலை போயிற்று. தெல்வால் வேதத்தின் மேல் கைவைத்து, அவள் தன் சமையல்காரி, மனைவியே அல்ல என்றார். அது போதாதென்று, சமையல்காரிக்குக் கோவிலில் என்ன இடம் என்று மண்வெட்டியும் அனுப்பினார். உப்புப் போட்டுத்தான் சாப்பிட்டாரா இந்த மனிதர்?

அவளைத் தோண்டியெடுத்த குழிவெட்டி வில்கின், தனிக்கட்டை, அவளுக்குத் தன் மேலங்கியைக் கொடுத்து பியர் வாங்கிவந்தான். ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மதமே செத்துப் பிழைத்த ஊர் இது. அவள் பியர் காய்ச்சி விற்றாள். குளிர்காலம் முடிந்ததும் வில்கின் அவளைப் பெண் கேட்டான்.

கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல மூன்று ஞாயிறு அவகாசம். செத்தவள் என்பது தடையில் சேரவில்லை; கணவன் இருந்தால்தான் தடை. மூன்றாம் ஓலைக்கு முன் சிசிலி பிஷப்பிடம் போனாள்.

"ஒரே ஒரு தடவ எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, இவ என் பொண்டாட்டின்னு. நான் போய்க் குழியில பழையபடி படுத்துக்கறேன்."

"பதவி போயிடும், சிசிலி."

"என் பேரு போயிடுச்சே."

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்வரிசையில் இருந்தார். ஓலை வாசித்து முடிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிஷப் வாயைத் திறந்தார், இருமினார், மூடிக்கொண்டார். பாவி, அந்தக் கல்யாணத்துக்கு ஆசீர்வாதமும் அவரே கொடுத்தார்.

இன்னொரு ராணி வந்தார். பாதிரிகளின் மனைவிமாருக்கு மறுபடி மரியாதை வந்தது. தெல்வால் ஒரு கல்லறைக் கல்லில் 'என் அன்பு மனைவி' என்று வெட்டச் சொல்லிவிட்டு, வில்கின் வீட்டுக் கதவைத் தட்டினார். இடுப்பில் பிள்ளையோடு சிசிலி பாதிக் கதவைத் திறந்தாள்.

"வீட்டுக்காரரு குழி வெட்டப் போயிருக்காரு, ஐயா. எதுன்னாலும் அவரு வந்தப்புறம் பேசுங்க."

பிள்ளை அழுதது. கதவைச் சாத்திவிட்டுப் பால் கொடுக்கப் போனாள்.